யானை எங்கே நிற்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வனவிலங்கு உயிரியலில் முதுநிலை படிக்க வரும் பிள்ளைகளிடம் எதை ஆராயப் போகிறாய் என்று கேட்டால், பாதிப் பேர் புலி என்பார்கள், மீதிப் பேர் யானை என்பார்கள். தவளை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அன்று எனக்குத் திருநாள். யானை என்று சொன்னவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஓர் உண்மை புரிந்துவிடும்: யானையைப் பார்க்கும் நேரத்தைவிட அதன் லத்தியை, அதாவது சாணத்தைப் பார்க்கும் நேரமே அதிகம்.

அடர்ந்த காட்டில் யானைகளை நேரில் எண்ணுவது எளிதல்ல. அதனால் நேர்கோட்டுப் பாதையில் நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு லத்திக் குவியலும் பாதையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கிடக்கிறது என்று நாடா பிடித்து அளக்கிறோம். தள்ளிப் போகப் போகக் கண்ணுக்குத் தப்புவது கூடும்; தப்பியவை எவ்வளவு என்பதை அந்தத் தூரங்களைக் கொண்டே மதிப்பிடலாம். ஆனால் குவியல் கணக்கை யானைக் கணக்காக்க இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஒரு யானை நாளுக்கு எத்தனை முறை லத்தி போடுகிறது? போட்டது எத்தனை நாளில் மக்கிப்போகிறது? முதல் கேள்விக்கு, முதுமலையில் கண்டறிந்த சுமார் 16 முறை என்ற எண் நம் பக்கத்துக் கணக்கெடுப்புகளில் பயன்பட்டு வருகிறது. மாணவரின் முதுகை ஒடிப்பது இரண்டாவது கேள்விதான். புதுக் குவியலாகத் தேடிப் பிடித்து, பக்கத்தில் எண் எழுதிய குச்சியை நட்டு, திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். உருண்டை முழுசாக இருக்கிறதா, உடைந்துவிட்டதா, நார் மட்டும் மிச்சமா, தரையோடு தரையாகிவிட்டதா? மழை, வெயில், சாணவண்டு, கரையான் என ஒவ்வொன்றும் கணக்கில் கை வைக்கும். ஒரு பருவத்தில் எடுத்த எண்ணை இன்னொரு பருவத்துக்குப் போட்டால், யானைகளின் எண்ணிக்கை எங்கோ போய் நிற்கும். இதற்கா எம்.எஸ்சி. படித்தாய் என்று வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள்.

சரி, இவ்வளவு பாடுபட்டு எண்ணிக்கையைச் சொல்லியாயிற்று. யானை நடமாடும் ஊரில் குடியிருப்பவருக்கு அதனால் என்ன?

வால்பாறைக்கு வருவோம். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேயிலை எஸ்டேட்டுகள். சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். யானைகளுக்கு அது நடுவழி. பகலில் ஆற்றோரக் காடுகளிலும் துண்டு துண்டாக நிற்கும் சோலைகளிலும் தங்கி, இருட்டிய பிறகு தேயிலைக்குள் இறங்கி நடக்கும். போகிற வழியில் ரேஷன் கடைச் சுவரையும் சத்துணவுக் கூடத்தின் கதவையும் இடித்து அரிசி தின்பதும் உண்டு. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த ஆனந்த குமாரும் குழுவினரும் பல ஆண்டுகள் இந்தக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து, எந்தக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று குறித்துவந்தார்கள். யானையால் மனிதர் இறந்த நிகழ்வுகளையும் ஆராய்ந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அங்கே யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, மங்கிய வெளிச்சத்தில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டை நோக்கி நடக்கிறவருக்கு, அடுத்த வளைவில் நிற்பது தேயிலைப் புதரா யானையா என்று எப்படித் தெரியும்?

காரணம் இதுவென்றால், அவருக்குத் தேவைப்பட்டது ஒரு தகவல். யானைகள் நிற்கும் இடம் உள்ளூர்க் கேபிள் டிவியில் எழுத்தாக ஓடியது. 2011 முதல் கைபேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி போனது. மேடான இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். அருகில் யானை இருந்தால் கைபேசியிலிருந்தே எரியவிடலாம். அந்த விளக்கை எரியவிடுபவர்களில் அங்கு குடியிருப்பவர்களும் உண்டு. எனக்கு இந்த முயற்சியில் மிகவும் பிடித்த இடம் அதுதான். உயிரிழப்பு குறைந்தது, 2015இல் ஆனந்த குமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புப் பணிக்காக வழங்கப்படும் விட்லி விருது கிடைத்தது. நாள்தோறும் நோட்டில் எழுதிய சலிப்பூட்டும் இடக்குறிப்புகள் இல்லாமல் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்கு: மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, உதகை அரசு கலைக் கல்லூரி, டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகியவை இந்தப் படிப்புக்குப் பெயர்பெற்றவை. புள்ளியியலுக்குப் பயந்து விலங்கியல் பக்கம் வருகிறவர்கள் இங்கேயும் அதையே சந்திப்பார்கள். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். தலைப்பு முடிவான அன்றே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள். முதுநிலை ஆய்வுக்குக் கிடைப்பது சில மாதங்கள்தான் என்பதால், ஒரு பருவத்துக்குள் பதில் சொல்லக்கூடிய சின்னக் கேள்வியாக எடுங்கள். ஒரு நாள் முழுக்க நடந்து ஒன்றும் தென்படவில்லை என்றால், அந்தப் பூஜ்யத்தையும் தேதியோடு எழுதுங்கள். விலங்கு எங்கே இல்லை என்பது தெரியாமல் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட முடியாது.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதி, கெட்டி அட்டை போட்டு நூலகத்தில் வைத்துவிடுவோம். அதோடு தமிழில் இரண்டு பக்கம் எழுதி வனச்சரக அலுவலகத்திலும், உங்களோடு காடு சுற்றிய வேட்டைத் தடுப்புக் காவலரிடமும், அந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் கொடுங்கள். கொடுத்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். அவர்கள் படித்துவிட்டு, இது தப்பு, அந்தக் கூட்டம் இந்த ஓடை வழியாக வராது என்பார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நன்றி. வணக்கம்.