முதலில் யாருடைய ரத்தம் என்று சொல்லுங்கள்

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “கடலில் திரியும் ஆமையின் ரத்தத்தைச் சோதித்து அது நலமாக இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? ஊசியை எங்கே குத்துவார்கள், ஓட்டிலா?” கடைசி வரியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் நியாயமான கேள்விதான்.

ஓட்டில் இல்லை, கழுத்தில். பின்கழுத்தின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் பெரிய சிரை ஓடுகிறது. தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் ரத்தம் அங்கே நிறையும். சிரை வெளியே தெரியாது, கைப்பழக்கம்தான் வழிகாட்டி. ஊசி கொஞ்சம் விலகினாலும் நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த நீர்) கலந்துவிடும். ரத்தம் நீர்த்துப்போகும். நலமான ஆமைக்கு ரத்தசோகை என்று எழுதிவிடுவார்கள்.

ரத்த அணுக்களை எண்ணுவதும் எளிதில்லை. நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, ஆமையின் சிவப்பணுவில் உண்டு. மனித ரத்தத்துக்காகச் செய்த எந்திரம் அதைப் பார்த்துக் குழம்பிவிடும். அதனால் ஒருவர் உட்கார்ந்து நுண்ணோக்கியில் எண்ண வேண்டும்.

சரி, எண்கள் வந்துவிட்டன. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இனிமேல்தான் வருகிறது: அவற்றை எதோடு ஒப்பிடுவது? நான் எப்போதும் சொல்வதுதான், யாருடைய ரத்தம் என்று தெரியாமல் அறிக்கையைத் தொடாதீர்கள். முட்டையிடும் பருவத்துத் தாய் ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்கருவுக்கான புரதத்தைக் கல்லீரல் செய்து ரத்தத்தில் அனுப்புகிறது. கால்சியமும் கொழுப்பும் ஏறி நிற்கும், அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவே கலங்கித் தெரியும். குட்டி ஆமையிடம் இதே எண்களைக் கண்டால் நான் பதறுவேன். தாயிடம் கண்டால், முட்டை தயாராகிறது, அவ்வளவுதான்.

பிடித்த விதமும் முக்கியம். வலையில் சிக்கி மூச்சடக்கிப் போராடிய ஆமைக்கு லாக்டேட், அதாவது ஆக்சிஜன் போதாமல் தசை உழைக்கும்போது சேரும் பொருள், எகிறியிருக்கும். அது வலையின் கதை. போன மாதம் ஆமை எப்படி இருந்தது என்பதை அது சொல்லாது. பிடித்த நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் குறிக்காத அறிக்கையைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்.

பச்சை ஆமைகளின் உடலில் கட்டிகள் வளரும் நோயிலும் ரத்தத்தை மட்டும் நம்ப முடியாது. நோய் முற்றினால் ரத்தசோகை, அல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் குறைவு எல்லாம் தெரியும். கட்டிகள் சிறிதாக இருக்கும்போது ரத்தம் பெரும்பாலும் வாயே திறக்காது.

ஆகவே ஒரே ஓர் ஆமையின் ஒரே அறிக்கையை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரே விரிகுடாவில் ஆண்டுதோறும், இனம், வயது, பருவம் பிரித்து எடுத்த அளவுகளைக் கொடுங்கள், பேசலாம். அதே ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அளந்தால், வெளித்தோற்றத்தில் பிடிபடாத இளம் ஆமை ஆணா பெண்ணா என்பதும் தெரியவரும். அதை யாராவது கேளுங்கள், தனியாகவே பேசுகிறேன்.