முதலாளி இல்லாத கம்பனி: எர்ன்ஸ்ட் அபே எழுதி வைத்தது என்ன?

[திரையில்: பழைய நுண்ணோக்கி ஒன்று]

கார்ல் சைஸ். கண்ணாடி வில்லை, நுண்ணோக்கி என்றாலே நினைவுக்கு வரும் ஜெர்மன் கம்பனி. இன்றைக்கு உலகின் மிக நுட்பமான கணினிச் சிப்புகளைச் செய்யும் இயந்திரங்களுக்கும் ஒளியியல் பாகங்கள் இங்கிருந்துதான் போகின்றன. ஆனால் இதன் சொந்தக்காரர் யார் என்று தேடினால் ஓர் ஆளின் பெயர் கிடைக்காது. ஓர் அறக்கட்டளையின் பெயர்தான் வரும்.

அதை 1889 இல் உருவாக்கியவர் எர்ன்ஸ்ட் அபே.

[திரையில்: நூல் ஆலை, 19ஆம் நூற்றாண்டு]

மலையில் வேலை செய்யும் அப்பா அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன பிள்ளைகள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் வரிசை வீடுகளான நம் லயங்களில் நிறைய. அபேயும் அப்படி ஒரு பிள்ளைதான். அப்பாவுக்கு நூல் ஆலையில் வேலை. ஒரு நாளைக்கு 14 மணி நேரம், ஓடர் கூடினால் 16. மகன் கொண்டுவரும் சாப்பாட்டை இயந்திரத்தில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டு, வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வேலையில் இறங்குவார். நல்ல திடகாத்திரமான மனிதர், 48 வயதிலேயே கிழவராகிவிட்டார் என்று அபே பிறகு சொன்னார். ஒரு விசித்திரம்: பையன் படிக்க உதவியதும் அதே ஆலை முதலாளிதான்.

படித்து இயற்பியலாளர் ஆனார். 1866 இல் சைஸின் பட்டறையில் சேர்ந்தார். அதுவரை கைப்பழக்கத்தில் செய்த நுண்ணோக்கி வில்லைகளைக் கணக்குப் போட்டுச் செய்ய வழி கண்டார். கம்பனி வளர்ந்தது, அவரும் பங்காளியானார், பணக்காரரும் ஆனார். 1888 இல் கார்ல் சைஸ் காலமானார்.

இனித்தான் விசயம். 1891 இல் அபே தன் பங்குகளை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார். சைஸின் மகனுக்கு ஈடு கொடுத்து அவர் பங்கும் அங்கேயே சேர்க்கப்பட்டது. முதலாளியாக இருந்தவர், அதே கம்பனியில் நிர்வாகிகளில் ஒருவராக வேலையைத் தொடர்ந்தார்.

தொழிலாளர் கையில் ஆளுக்கொரு பங்கைக் கொடுத்திருக்கலாமே? கொடுக்கவில்லை. எனக்குப் பிடித்த இடம் இதுதான். கையில் கிடைக்கிற பங்கை நாளைக்கே விற்றுவிடலாம், கொஞ்ச நாளில் எல்லாம் பெரிய கைக்குப் போய்விடும். அதனால் பங்கைப் பூட்டிவைத்து, உரிமையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

[திரையில்: அறக்கட்டளையின் 1896 சாசனத்தின் முக்கிய விதிகள்]

சம்பளத்தோடு லீவு. ஓய்வூதியம். லாபத்தில் பங்கு. குற்றமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால் ஈட்டுத்தொகை. ஆளை எடுக்கும்போது பிறப்பு, மதம், கட்சி பார்க்கக் கூடாது. நிர்வாகத்தில் இருப்பவருக்கும் தொழிலாளரின் சராசரி வருமானத்தைப் போல் 10 மடங்குக்கு மேல் கிடையாது. இதெல்லாம் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை மனம் இரங்கிக் கொடுக்கிற தீபாவளி அட்வான்ஸ் மாதிரி இல்லை, வழக்குப் போட்டே கேட்கலாம். 1900 இல் வேலை நேரத்தை 8 மணியாக்கினார்கள். உற்பத்தி குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. மிஞ்சிய லாபத்தில், கம்பனி இருந்த யேனா நகரின் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு போனது.

எல்லாம் சுகமாக முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தது, கிழக்கில் இருந்த யேனா ஆலை அரசுடைமையானது, மேற்கு ஜெர்மனியில் இன்னொரு சைஸ் எழுந்தது. ஜெர்மனி ஒன்றான பிறகுதான் இரண்டும் சேர்ந்தன.

[திரையில்: தேயிலை மலை, காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக் களம்]

சரி, நம் பக்கம் வருவோம். இலங்கையில் 1975 இல் பெரிய தோட்டக் கம்பனிகள் அரசுடைமையாகின. 1992 இல் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது. பிறகு பெரும்பான்மைப் பங்கை விற்கும்போது 10 சதவீதத்தைத் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஆள் பிரித்து, அதாவது அபே வேண்டாம் என்று விட்ட வழியில். அந்தப் பங்கு கையில் இருந்தாலும் லயத்து அறையைத் திருத்துவதா, ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து றாத்தலை எவ்வளவாக்குவதா என்பதில் ஒரு சொல் சொல்ல முடியாது.

காணி இன்னும் அரசுடையது, கம்பனிகள் குத்தகைக்காரர்கள்தான். அந்தக் குத்தகை 2045 இல் முடிகிறது. புதுப் பத்திரம் எழுதும்போது சம்பள உச்சவரம்பு, லாபப் பங்கு, வீட்டுரிமை மூன்றையும் அதற்குள்ளேயே எழுதச் சொல்லித் தொழிற்சங்கங்கள் இப்போதே கேட்கத் தொடங்கலாம்.