செப்டம்பர் 28-ஆ, 29-ஆ? ஆன்சைட் போகிறவரின் வரியை மாற்றும் ஒரே நாள்!

[திரையில்: காலண்டர்]

வணக்கம். ஒரே டீமில் இரண்டு பேர். ஒருவர் செப்டம்பர் 28 அன்று சென்னையிலிருந்து லண்டன் வேலைக்கு விமானம் ஏறுகிறார், இன்னொருவர் 29 அன்று. மார்ச் முடியும்வரை இருவருமே ஊருக்கு வரவில்லை. முதல் ஆள் லண்டன் வேலைக்காக லண்டன் வங்கிக் கணக்கில் வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. இரண்டாமவர் அதையும் சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும்!

எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 28 வரை 181 நாள். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமக்களுக்கு எல்லைக்கோடு 182. அதைத் தொட்டால் ரெசிடென்ட், அதாவது வரிக் கணக்கில் இந்தியாவில் வசிப்பவர், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இந்தியா கேட்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நள்ளிரவு விவகாரம். கிளம்பும் நாளையும் இந்தியாவில் இருந்த நாளாகவே இங்கே எண்ணுவார்கள். பிரிட்டன் அப்படி இல்லை. பொதுவாக, நள்ளிரவு 12 மணிக்கு நீங்கள் அங்கே இருந்தீர்களா என்றுதான் பார்க்கும். காலையில் இறங்கி அன்று இரவே பாரிஸ் போய்விட்டால் அது பிரிட்டன் கணக்கில் சேராது. நம் ஊரில் பல விமானங்கள் பின்னிரவில்தான் கிளம்பும், அதனால் டிக்கெட்டில் ஒரு தேதியும் பாஸ்போர்ட் முத்திரையில் முந்தைய தேதியும் இருக்கலாம். அந்த முத்திரைப் பக்கத்தை உடனே போட்டோ எடுத்து வையுங்கள், ப்ளீஸ்.

சரி, "183 நாளுக்குள் திரும்பிவிட்டால் அந்த நாட்டில் வரியே கிடையாது" என்று ஆபீஸில் சொல்வார்களே? பாதிதான் உண்மை. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி விழாமல் இருக்க நாடுகள் செய்துகொள்ளும் இரட்டை வரி ஒப்பந்தங்களில் வழக்கமாக மூன்று நிபந்தனைகள் உண்டு. நாள் கணக்கு அவற்றில் ஒன்று மட்டும்தான். சம்பளம் தரும் நிறுவனம் அந்த நாட்டைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. அங்கே உள்ள கிளையின் கணக்கில் அந்தச் செலவு ஏறவும் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் விலக்கு. லண்டன் கிளை உங்கள் சம்பளத்தைத் தன் செலவாக எழுதினால், முதல் நாளிலிருந்தே அங்கே வரி வரலாம். கிளம்புவதற்கு முன் எச்ஆரிடம் விசா பற்றி மட்டும் பேசாதீர்கள். "என் சம்பளம் எந்தக் கம்பெனியின் கணக்கில் ஏறுகிறது?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு இடத்திலும் வரி வந்தால், அங்கே கட்டியதை ரெசிடென்ட் இங்கே கழித்துக்கொள்ளலாம். அதற்கான படிவத்தைக் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். அப்புறம், நீங்கள் ரெசிடென்ட் என்றால் அங்கே திறந்த வங்கிக் கணக்கையும் ரிட்டர்னில் காட்டுங்கள். மறைத்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நீங்கள் எந்த நாட்டுக்கு, எந்த மாதம் கிளம்புகிறீர்கள்? கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அந்த நாட்டை எடுத்துக்கொள்கிறேன்.