மீன் கழிவும் நாட்டு வெல்லமும்

நேயர்களுக்கு வணக்கம். மீன் கடையில் வெட்டும்போது விழுகிற செவுளும் குடலும் வாலும் ஒரு வாளியில் சேரும். மாலையில் அது சாக்கடைக்கோ குப்பைமேட்டுக்கோ போய்விடும். அந்த வாளியைத்தான் நான் கேட்டு வாங்கிவருகிறேன். என் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தழைச்சத்து அதிலிருந்துதான்.

மீன் கழிவை வெல்லத்தோடு கலந்து நொதிக்கவைத்துச் சாறு எடுக்கிறேன். தென்கொரியாவின் சோ ஹான்-கியூ வளர்த்தெடுத்த இயற்கை வேளாண்மையில் வருகிற முறை இது. நம் ஊரில் மீன் அமிலம் என்கிறோம். 1 கிலோ கழிவு, 1 கிலோ நாட்டு வெல்லம், மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

முதல் தடவை நான் கழிவை அலசி ஈரத்தோடு போட்டேன். வெல்லம் விலையாக இருக்கிறதே என்று பாதியாகக் குறைத்தேன். நாலாம் நாள் புழு, தெருவே மூக்கைப் பிடிக்கும் நாற்றம். காரணம் அப்புறம்தான் புரிந்தது. சரிக்குச் சரி வெல்லம் இருந்தால் அது மீனின் நீரை உறிஞ்சி வெளியே இழுத்துவிடும். அவ்வளவு இனிப்பில் அழுகவைக்கும் கிருமிகள் பெருக முடியாது, மீன் மெதுவாக நொதித்துக் கரையும். ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ, இதற்கு வெல்லம் அப்படி. மிச்சம் பிடிக்க நினைத்தால் கருத்த, உடைந்த வெல்லம் வாங்குங்கள், அளவைக் குறைக்காதீர்கள்.

வாளியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல் நிழலில் வையுங்கள். முதல் வாரம் நுரைக்கும், மூடியைத் தினம் ஒருமுறை தளர்த்திக் காற்றை விடுங்கள். 21 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தேன் நிறத்தில் சாறு இறங்கும். பழவாடை வந்தால் சரி. பிணவாடை வந்தால் செடிக்கு வேண்டாம், மண்ணில் புதைத்துவிடுங்கள்.

10 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் தெளிப்பான் டேங்குக்கு 50 மில்லி சாறு போதும், வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். ஒரு லிட்டர் சாறு 20 டேங்குக்கு வரும். கூடினால் இலை கருகும். பூக்கும் சமயத்தில் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இலையாகவே தழைக்கும். தொழுவுரம் போடுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். மண்ணுக்கு வேண்டிய மக்கிய பொருளை இந்தச் சாறு தராது.

வடிகட்டியபின் மிஞ்சும் முள்ளைத் தென்னையடியில், நாய் தோண்டாத ஆழத்துக்குப் புதைத்துவிடுகிறேன். வணக்கம்.