ஊதி அணைக்கப்படும் கலங்கரை விளக்கம்

[திரையில்: இரவுக் கடல், அதன் மேல் நகரும் ஒளிக்கற்றை]

1946 செப்டம்பரில் வெளியான ‘லைட்ஹவுஸ் கீப்பிங்’ என்னும் டிஸ்னி கார்ட்டூன் ஏறத்தாழ 7 நிமிடமே ஓடுகிறது. கதை என்று சொல்ல அதில் ஒரே ஒரு சச்சரவுதான்: கலங்கரை விளக்கத்தைக் காக்கும் டொனால்ட் டக்குக்கு விளக்கு எரிந்தாக வேண்டும், மார்பிள்ஹெட் என்னும் கூழைக்கடாவுக்கு அது அணைந்தாக வேண்டும். படத்தை இயக்கியவர் ஜாக் ஹன்னா. டொனால்டின் அந்தத் தொண்டை கட்டிய பேச்சுக்குக் குரல் கொடுத்தவர் கிளாரன்ஸ் நாஷ்.

வம்பை விலைக்கு வாங்குபவர் டொனால்ட்தான் என்பதைக் கவனியுங்கள். பொழுது போகாமல், தூங்கிக்கொண்டிருக்கும் பறவையின் மீது ஒளிக்கற்றையைத் திருப்பி வேடிக்கை பார்க்கிறார். கண் கூசி விழித்த கூழைக்கடா மேலே பறந்து வந்து, சுடரை ஊதி அணைக்கிறது. அவர் ஏற்றுகிறார்; அது அணைக்கிறது. மறு ஆண்டே ஹன்னா இயக்கிய ‘சிப் அண்ட் டேல்’ படத்திலும் இதே சூத்திரம்தான்: அணில்களின் வீடாக இருந்த கட்டையை விறகுக்காக வெட்டி எடுத்துச் சென்று, டொனால்ட் அதன் பலனை அனுபவிக்கிறார்.

[திரையில்: கண்ணாடி வளையங்களுக்கு நடுவே ஒரு சிறு சுடர்]

இந்தச் சண்டைக்குக் கலங்கரை விளக்கத்தைக் களமாக்கியது பொருத்தமான தேர்வு. 1823இல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெல் தம் வில்லையைப் பொருத்திய பிறகு, நாலாபுறமும் சிதறிய வெளிச்சத்தின் பெரும்பகுதி கற்றைகளாகக் குவிக்கப்பட்டு, நெடுந்தொலைவிலுள்ள கப்பலையும் எட்டியது. ஆயினும் அத்தனை கண்ணாடிக்கும் நடுவில் இருந்தது திரியில் எரியும் சாதாரணச் சுடர்தான். திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றி, விடியும்வரை அதை அணையாமல் காப்பதே அன்றைய காவலரின் வேலை. அவ்வளவு பெரிய கோபுரத்தின் உயிர் ஒரு பறவையின் மூச்சுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதில்தான் இப்படத்தின் நகைச்சுவை பிறக்கிறது. (மெய்யான பறவைகளோ அந்த வெளிச்சத்தால் ஈர்க்கப்பட்டு, கோபுரத்தில் மோதி மடிந்தன.)

பறவையும் சரியான தேர்வே. அமெரிக்கக் கடற்கரைகளில் வாழும் பழுப்புக் கூழைக்கடாவின் அலகுப் பை சுமார் 11 லிட்டர் நீர் கொள்ளும் என்பர். உடலுக்குப் பொருந்தாத அந்த அலகு, நிற்பதையும் நடப்பதையும்கூடக் கேலியாக்கிவிடுகிறது. அத்தகைய அலகு ஒரு சின்னச் சுடரை நோக்கிக் குனியும்போது, அது ஊதுவதற்கு முன்பே நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

[திரையில்: கறுப்பு, ஓசை மட்டும்]

சுடர் அணையும்போது டொனால்டுக்கு மட்டுமல்ல, பார்வையாளருக்கும் இருட்டிவிடுகிறது. நம் மனம் பறவையின் பக்கம் சாய்ந்திருந்தாலும், அடுத்து நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் டொனால்ட் விளக்கை ஏற்றத்தான் வேண்டும். கட்சி மாறி மாறி நம்மை அலையவிடுவது ஹன்னாவின் கெட்டிக்காரத்தனம்.

இறுதியில் பொழுது விடிகிறது. விளக்குக்கு இனி வேலையில்லை. பறவையும் நிம்மதியாகப் போகலாம். ஆனால் சாளரத் திரைகள் இழுத்து மூடப்படுகின்றன, அறை மறுபடி இருட்டாகிறது, சண்டை தொடர்கிறது.