அஞ்சற்பெட்டி யாருக்காக?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நல்லூர்த் திருவிழாவின் மாலைப் பூசை முடிந்து நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். இணைய மின்னஞ்சல் வடிவமைக்கப்படுவது பயனருக்காகவா, நிறுவனத்துக்காகவா என்ற வினாவுக்கு, நிறுவனத்துக்காகவே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். மாட்டைத் தந்தவரே நாள்தோறும் வந்து பாலைக் கறந்துகொண்டு போவாராயின், அது தானம் அல்ல. கூகுள் நிறுவனத்தின் ஜிமெயில் தொடங்கியது 2004 ஏப்ரல் முதலாம் திகதி. நம் கடிதங்களின் சொற்களைக் கணினியால் அலசி, அவற்றுக்கேற்ற விளம்பரங்களைக் காட்டும் வழக்கத்தை நிறுத்தப் போவதாகக் கூகுள் அறிவித்ததோ 2017இல். 13 ஆண்டுகள் கறந்த பால் அது. ஹொட்மெயில் என்ற மற்றொரு மின்னஞ்சல் சேவை 2 மெகாபைற் இடம் தந்த காலத்தில் ஜிமெயில் 1 கிகாபைற் தந்தது பெரிய காரியம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று தரும் 15 கிகாபைற்றுக்குள் 2021 ஜூன் முதல், கூகுளில் சேமிக்கும் புதிய புகைப்படங்களும் அடங்குகின்றன. பேரப்பிள்ளையின் பிறந்தநாட் படங்களால் அது நிரம்பி வழிந்தால், வரவேண்டிய கடிதமும் வராது. இது இடம் விற்பவருக்கு உகந்த ஏற்பாடு.

என் பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். விசா நேர்முகத்துக்கான கடிதத்தை எதிர்பார்த்து, அவர் ஒவ்வொரு காலையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைத்தொலைபேசியைத் திறந்து பார்ப்பார். கடிதம் வந்துதான் இருந்தது; ஆனால் அவர் பயன்படுத்திய சேவை, அவரைக் கேளாமலே பெட்டியை இரண்டாகப் பிரித்து, சேலை விலைக்கழிவு விளம்பரங்களுக்கு நடுவே அதைப் போட்டிருந்தது. நான் கண்டெடுத்தபோது நேர்முகத் திகதி கடந்து நான்கு நாட்கள். எங்கள் ஊர்த் தபாற்காரர், கடிதத்தைப் படலையில் செருகிவிட்டுப் போகும் நாளிலும் சைக்கிள் மணியை அடிக்காமல் போனதில்லை.

பொத்தான்களுக்கு வருகிறேன். ஜிமெயிலில் கடிதத்தைத் திறந்தால் மேலே வரிசையாகப் படங்கள் நிற்கும், சொல் இராது. கீழ்நோக்கிய அம்பு பொறித்த பெட்டியைக் கண்டவர் அதைத் தரவிறக்கம் என்று எண்ணி அழுத்தினால், கடிதம் கண்முன்னிருந்து விலகிக் காப்பகத்துக்குப் போய்விடும். "அமைப்புகளுக்குள் சென்று சொற்களாக மாற்றிக்கொள்ளலாமே" என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். மாற்றலாம். ஆனால் படம் புரியாதவர் அந்தத் தெரிவைத் தேடிப் போவதற்கு, முதலில் பற்சக்கரப் படம் ஒன்றைப் புரிந்துகொண்டாக வேண்டும்.

பொத்தானை வைத்து விளையாடியதும் உண்டு. 2016 ஏப்ரல் முதலாம் திகதி, அனுப்பும் பொத்தானுக்கு அருகிலேயே, ஒலிவாங்கியைக் கீழே போடும் மஞ்சட் பொம்மையின் அசைபடத்தைக் கடிதத்தோடு இணைத்து அனுப்பும் இன்னொரு பொத்தானைக் கூகுள் வைத்தது. அதை அழுத்தியவருக்குப் பதில் வந்தாலும் பெட்டியில் தெரியாது. தொழில் தொடர்பான கடிதங்களிலும் அந்தப் பொம்மை தவறுதலாக ஏறிப் போக, மக்கள் கொதித்தெழுந்த பிறகே மன்னிப்புக் கேட்டு அகற்றினார்கள். பிறர் கடிதத்தை விளையாட்டுப் பொருளாக எண்ணியவர்களைப் பயனரின் தோழர் என்று நான் எப்படி ஏற்பேன்?

நெடுந்தீவுக் கரையில் சிக்னல் மெலிந்து நிற்கும் வேளையில் மின்னஞ்சலைத் திறக்கும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். மெதுவான இணைப்பு உள்ளவர்களுக்கென்று, படமும் அலங்காரமும் இல்லாத எளிய பக்கம் ஒன்று ஜிமெயிலில் இருந்தது. 2024இல் அதை மூடிவிட்டார்கள். அதில் வருவாய் தரும் அலங்காரம் எதுவும் இல்லை; கடிதம் மட்டுமே இருந்தது. அந்தப் பக்கத்தை ஏன் மூடினார்கள் என்பதற்கு எதிரணி, பயனரின் நன்மையைக் காரணமாகக் காட்டி ஒரேயொரு விடை தரட்டும். தந்த பின்பு தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன்.