வீட்டுக்கு வீடு வாசற்படி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கோவில் நிர்வாகக் குழுவினரே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் சீனச் சங்கத்துப் பெரியவர்களே, இன்னும் மைக்கோடு மல்லுக்கட்டும் தம்பியே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் போர்த்திய சால்வையைவிட அவர் தந்த அறிமுகம் நீளம், அதனால் எனக்குப் பத்து நிமிடம்தான் மிச்சம். மூன்று விஷயம் சொல்வேன்: சீனர்களின் தாவோ சமய மந்திரக் காகிதத்தின் வரலாறு, அதை எழுதும் முறை, நமக்கும் அதற்கும் உள்ள உறவு.

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். பினாங்கில் அந்த வாசற்படிக்கு மேலே பார்த்தால் மஞ்சள் காகிதம், அதில் சிவப்பு மையில் நீளமாக இறங்கும் எழுத்து. இங்குள்ள சீனர் பலர் பேசும் ஹொக்கியன் மொழியில் அது 'ஹூ'. உச்சியில் பெரும்பாலும் 'ஆணை' என்று பொருள்படும் இரண்டு எழுத்து இருக்கும், அதாவது கெட்ட ஆவிக்கு அது விண்ணப்பமல்ல, உத்தரவு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் சீனாவின் சிச்சுவானில் சாங் தாவோலிங் என்ற தாவோ குரு தொடங்கிய மரபில் இதை எரித்துத் தண்ணீரில் கலந்து நோயாளிக்குக் கொடுத்தார்கள்.

தண்ணீர் என்றதும் எங்கள் பாட்டி ஞாபகம் வருகிறது. நம் ஜார்ஜ் டவுன் நகரத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தோம், பாட்டிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கோவிலிலிருந்து ஒரு காகிதம் வாங்கி வந்து, எங்கள் எவர்சில்வர் டம்ளர் மேலேயே கொளுத்தி, கரண்டியால் கலக்கி நீட்டினார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாட்டி டம்ளரை வாங்கி, "திருநீற்றுத் தண்ணிதானே, கொண்டா" என்று ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பதிலுக்கு ஆன்ட்டி நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசிவிட்டார்! அந்த அம்மா அன்று முழுக்க அந்தப் பட்டையோடுதான் கடையில் மீன் விற்றார். (யாரும் செய்து பார்க்காதீர்கள். அந்தச் சிவப்பு சாதிலிங்கமாக இருந்தால் அதில் பாதரசம் இருக்கிறது.)

எழுதும் முறைக்கு நேரமில்லை. ஆனால் ஒன்று. அந்த 'ஹூ'வுக்கு மாண்டரின் சீனத்தில் 'ஃபூ' என்று பெயர். பழைய காலத்தில் ஃபூ என்றால் அரசர் இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைத் தளபதியிடம் கொடுத்த அடையாளத் துண்டு. இரண்டு பாதியும் பொருந்தினால்தான் படை நகரும். நம் நகரத்துக்கு 2008இல் யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி கிடைத்தது. கட்டடம் ஒரு பாதி, சரி, இன்னொரு பாதியான குடியிருந்தவர்கள் எங்கே? 2000 தொடக்கத்தில் பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் நம் பக்கம் எத்தனை பேர் பெட்டி கட்டினார்கள்! வீட்டுக்கு வீடு வாசற்படி என்கிறோம், வாசற்படி இருக்கிறது, வீட்டைக் காணோம், தங்கும் விடுதிதான் இருக்கிறது. நாங்கள் இருந்த வீட்டின் நிலைக்கு மேலே அந்தக் காகிதத்தின் பசைத்தடம் மட்டும் சாயத்துக்கு அடியில் இன்னும் மேடாகத் தெரிகிறது.

பழைய வாடகைக்காரர்களுக்குப் பாதுகாப்பு கேட்டு நாங்கள் எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன், தேநீருக்குப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.